நடைவிழாக்களும் நிலமுடையாரும்

தன் நிலத்தின் வழியே அயலார் கூட்டமாக நடந்து செல்வதைக் காணும் குடியானவன் மனங்கலங்குவது இயல்பே. விதைத்த பயிர் மிதிபடுமோ, வேலிக்கதவு திறந்து கிடக்குமோ, மேயும் கால்நடைகள் மிரண்டோடுமோ என்னும் அச்சம் எந்நாட்டுக் குடியானவனுக்கும் பொதுவானது. அவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. எனினும் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளின் நாட்டுப்புறங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் நடைவிழாக்களைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். வழியறிந்த ஒருவர் முன்செல்ல, ஒழுங்காக நடக்கும் முப்பது பேரால் நிலத்துக்கு விளையும் தீங்கு, வழிதெரியாமல் வயலுக்குள் அலையும் மூவரால் விளையும் தீங்கைக் காட்டிலும் குறைவானதே. ஆகையால், இவ்விழாக்களைத் தடுப்பதிலும் இவற்றை நடத்துவதில் தானே முன்நிற்பதே நிலமுடையவனுக்கு நலம் பயக்கும்.

நடைவிழாவின் முறை

நடைவிழா என்பது, ஒரு வட்டாரத்திலுள்ள பாதைகள் வழியே சில நாட்களுக்கோ இரண்டொரு வாரங்களுக்கோ அன்றாடம் பல நடைப்பயணங்களை ஏற்பாடு செய்வதாகும். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவில் நடைபெறும் விழா இவற்றுள் பெயர்பெற்றது. கிழக்கு மேற்காக 23 மைலும் வடக்கு தெற்காக 13 மைலும் உள்ள அச்சிறு தீவில் 500 மைலுக்குக் குறையாத பொதுப்பாதைகள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை பயிர்நிலங்களின் ஊடும், ஆடு மாடு மேயும் புல்வெளிகளின் ஊடும் செல்வன. மே மாதத்தில் விழா தொடங்கும்போது, ஒவ்வொரு நடையின் தூரம் எவ்வளவு, ஏற்றம் எத்தன்மையது, எத்தனை ஏறுபடிகளைக் கடக்க வேண்டும், நாய்களை அழைத்துவரலாமா என்னும் விவரங்கள் முன்னதாகவே அறிவிக்கப்படுகின்றன. வருவோர் தம் உடல்வலிமைக்கு ஏற்றதைத் தெரிந்துகொண்டு பெயரைப் பதிவு செய்துகொள்கின்றனர்.

இதன் உயிர்நாடி வழிகாட்டியின் வேலையேயாகும். நல்ல வழிகாட்டி குறித்த நாளுக்குச் சில நாட்கள் முன்னரே அவ்வழியைத் தான் நடந்து பார்க்கிறார். எந்தப் புல்வெளியில் கன்றுடன் பசுக்கள் மேய்கின்றன, எந்த ஏறுபடி முறிந்து கிடக்கிறது, எந்த ஓடையில் நீர் பெருகியுள்ளது என்பவற்றை அப்போதே அறிந்துகொள்கிறார். நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க ஒரு பழைய வாய்பாடும் அவருக்கு உதவுகிறது. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892-ஆம் ஆண்டில் வகுத்த அவ்வாய்பாட்டின்படி, 3 மைல் தூரத்துக்கு ஒரு மணியும், ஏறும் ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கு மேலும் ஒரு மணியும் கணக்கிட வேண்டும். கூட்டத்தின் முன்னே வழிகாட்டியும் கடைசியில் மற்றொருவரும் நடக்கின்றனர். வேலி கடக்கும் இடந்தோறும் தலைகள் எண்ணப்படுகின்றன. கதவை மூடிவரும் பொறுப்பு கடைசியில் வருபவரைச் சார்ந்தது. பயிர் நிற்கும் வயலில் ஒருவர் பின் ஒருவராக, பாதையின் அகலத்தைத் தாண்டாமல் நடப்பது விதியாகும்.

இவ்விதிகள் அனைத்தும் நிலமுடையவனின் உடைமையைக் காப்பனவாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். தனியே வருபவனுக்கு இவற்றைச் சொல்வோர் இல்லை. பாதை எங்கே திரும்புகிறது என்று அறியாத ஒருவன் கோதுமை வயலின் நடுவே புதிய தடம் ஒன்றைப் போட்டுவிட்டால், அவனுக்குப் பின் வருவோரும் அதையே பாதையெனக் கொள்வர்.

பாதையின் வரலாறு

இந்நிலை எளிதில் வந்ததன்று. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆகிய ஆலைநகரங்களுக்கு இடையே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அது பறவை வேட்டைக்கென நிலப்பிரபுக்களால் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், நூற்றுக்கணக்கான தொழிலாளர்களும் இளைஞர்களும் தடையை மீறி அதன்மேல் ஏறினர். வேட்டைக்காவலருக்கும் அவர்களுக்கும் கைகலப்பு நேர்ந்தது. வழக்கின் முடிவில் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையின் கடுமையால் அடைத்தவர்களின் கட்சி வலுப்பெறவில்லை. நடப்போரின் கட்சியே வலுப்பெற்றது. 1935-இல் நடைப்பயணிகளின் சங்கம் நாடளாவ அமைந்தது. 1949-இல் தேசியப் பூங்காக்களும் நாட்டுப்புறம் செல்லும் உரிமையும் பற்றிய சட்டம் நிறைவேறியது. முதல் தேசியப் பூங்கா கிண்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டத்திலேயே 1951-இல் அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ, மலை, மேட்டுநிலம், புதர்க்காடு, சுண்ணக் குன்று, பதிவு பெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டும் நடப்பதற்குப் பொதுமக்களுக்கு உரிமை அளித்தது. அடைத்த குடும்பத்தின் வழிவந்த டெவன்ஷயர் பிரபு ஒருவர் 2002-இல், அந்நிகழ்ச்சியின் 70-ஆம் ஆண்டு நிறைவில், தம் பாட்டனார் செய்ததற்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். முழுவதும் அடைக்க முயன்றவர்கள் இறுதியில் பாதையை மட்டுமன்றி மேட்டையே திறந்துவிட நேர்ந்தது என்பது நிலமுடையார் மறக்கத்தகாத பாடமாகும்.

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு பகுதி கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு உரியது. ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குட்பட்ட பாதைகள் அனைத்தையும் வரைபடத்தில் ஏற்றவேண்டும் என்று அது பணித்தது. ஆனால் எந்த வரப்பில் எவர் நடந்துவந்தனர் என்பதைக் கவுண்டி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போர் அறியமுடியுமா? ஆகவே பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊர்ச்சபையாரே தத்தம் ஊர்ப் பாதைகளை நடந்து பார்த்து, முதியோரை விசாரித்துக் குறிப்பெழுதிக் கொடுத்தனர். அவ்வாறு அமைந்த வரைபடமே இன்றும் நீதிமன்றங்களில் முடிவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்பொதுப்பாதைகளின் நீளம் ஏறக்குறைய 1,40,000 மைலாகும். நடைவிழாவின் வழிகாட்டி கையில் ஏந்திச் செல்வது அவ்வரைபடத்தை அடியாகக் கொண்ட படமே. ஆதலின், வழி இதுவா அதுவா என்ற பூசல் அங்கே வயலில் எழுவது அரிது.

சட்டம் வகுத்த கடமைகள்

பாதையில் நடப்போர்க்கு உரிமை உண்டு. ஆனால் நிலமும் விளைவும் நிலமுடையவனுக்கே உரியன. இவ்விரண்டையும் இசைவித்தற்கு அந்நாட்டுச் சட்டம் அளவறிந்து விதிகளை வகுத்துள்ளது. வயலோரமாகச் செல்லும் நடைபாதையை உழுதல் கூடாது. வயலின் குறுக்கே செல்லும் பாதையைத் தவிர்க்க இயலாவிடத்து உழலாம். ஆயினும் முதல் உழவு தொடங்கிய 14 நாட்களுக்குள்ளும், அதற்குப் பின் அப்பயிருக்காகச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் 24 மணி நேரத்துக்குள்ளும் பாதையை நடக்கத்தக்கதாகச் சமன்படுத்திவிட வேண்டும். குறுக்குப்பாதையின் குறைந்த அகலம் 1 மீட்டர். ஓரப்பாதையினது 1½ மீட்டர். புல் நீங்கலான பயிர் எதுவும் அவ்வகலத்துள் வளர்ந்து மறைத்தல் ஆகாது.

வேலியைத் தாண்டும் ஏறுபடிகளையும் கதவுகளையும் செப்பமாக வைத்திருத்தல் நிலமுடையவனின் கடமை. ஆனால் அதற்காகும் நியாயமான செலவில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாதையதிகாரிகள் தரவேண்டும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பொலிகாளையைப் பாதை செல்லும் வயலில் விடுதல் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். பால் மாட்டினத்தைச் சேராத காளையாயின், பசுக்களோ கிடேரிகளோ உடன் மேயும்போது விடலாம் என்பது இதற்கு விலக்கு. ஃபிரீசியன், ஜெர்சி போன்ற பால் இனக் காளைகள் மூர்க்கம் மிகுந்தவை என்பதை மாடு வளர்ப்போர் அறிவர்.

இவ்விதிகளை எழுத்தளவில் வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. நடைவிழா நடத்தும் ஊரில் அவ்வாறு விட்டுவைக்க முடிவதில்லை. விழாவுக்குமுன் ஒவ்வொரு பாதையும் நடந்து பார்க்கப்படுவதால், முறிந்த ஏறுபடியும் முள் மண்டிய வழியும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண்ணிற்படுகின்றன. மேற்கு யார்க்ஷயரிலுள்ள ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூர் 2007-இல், நடப்போரை வரவேற்கும் ஊராகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதனைப் பின்பற்றிப் பிற ஊர்களும் அவ்வாறே செய்தன. இப்பெயரைப் பெற விரும்பும் ஊருக்கு உள்ளூர்ச் சபையின் இசைவும், பாதைகளைச் செம்மையாக வைத்திருக்கும் ஏற்பாடும் இன்றியமையாதன. வரவேற்பு என்பது வெறும் பலகை எழுதி வைப்பதன்று, பாதையைச் செப்பனிடுவதே என்று அவ்வூரார் உணர்ந்திருக்கின்றனர்.

குடியானவரின் குறைகள்

இனி, குடியானவர் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும். அவற்றுள் தலையாயது நாயைப் பற்றியது. சினையாடுகளை நாய் துரத்தினால், கடிக்காவிடினும் கரு கலைந்துவிடுவதுண்டு. நாயின் மலத்தில் தங்கும் நியோஸ்போரா என்னும் நுண்ணுயிர் மேய்ச்சலில் கலந்து பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்குகிறது. 1953-ஆம் ஆண்டிலேயே கால்நடைகளை நாய்களினின்று காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. திறந்த மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றிற் பிடித்துச் செல்லவேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இக்குறை முற்றிலும் நியாயமானது. ஆயினும் இது தனித்து வருவோரிடமே மிகுதியாக நேர்வது. நாய் வேண்டாம் என்று முன்னறிவித்து நடத்தப்படும் நடையில் இதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, ஆடுகள் குட்டி ஈனும் காலமும் பசுக்கள் கன்றுடன் மேயும் காலமும் பற்றியது. கன்றீன்ற பசு மனிதரைத் தாக்கியதால் உயிரிழந்தோர் பிரிட்டனில் உண்டு. பசுக்கள் துரத்தினால் கையிலுள்ள நாயை விட்டுவிட வேண்டும் என்று அந்நாட்டின் நாட்டுப்புற ஒழுக்கவிதி அறிவுறுத்துவதும் இதனாலேயே. இவ்விஷயத்தில் விழா நடத்துவோர் சிலர் குற்றமற்றவர் அல்லர். பாதை பொதுவானதாகையால் நிலமுடையவனுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று அவர்கள் வாதிப்பதுண்டு. சட்டப்படி இவ்வாதம் சரியாயிருக்கலாம். ஆனால் நற்பண்புக்கும் விவேகத்துக்கும் பொருந்தாது. ஒரு வாரம் முன்னதாகச் சொல்லப்பட்டால், மந்தையை அடுத்த புல்வெளிக்கு மாற்றுவது குடியானவனுக்குச் சிறு வேலையே. சொல்லாமல் நாற்பது பேரை அழைத்துவந்து, அவனை அன்று காலையில் வியப்பில் ஆழ்த்துவது பகைக்கு வித்திடுவதாகும்.

மூன்றாவது, இன்று அனுமதித்தால் நாளை உரிமையாகிவிடும் என்னும் அச்சம். 20 ஆண்டுகள் தடையின்றிப் பொதுமக்கள் உரிமையோடு நடந்துவந்த வழி பொதுவழியாகக் கருதப்படும் என்பது அந்நாட்டுச் சட்டமாதலின், இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் நிலமுடையவனின் அனுமதி பெற்று நடப்பது உரிமையோடு நடப்பதாகாது. புதிய வழி எதையும் பொதுவுக்கு விடும் எண்ணமில்லை என்று வரைபடத்தோடு எழுதிப் பாதையதிகாரியிடம் தாக்கல் செய்து வைக்கவும் சட்டம் வகை செய்துள்ளது. எனவே, அனுமதியை எழுத்தில் தந்து ஒருநாள் நடையைத் தன் நிலத்தின் வழியே விடுபவன் எதையும் இழப்பதில்லை. வாய்திறவாமல் இருந்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து விழித்துக்கொள்பவனே இழக்கிறான்.

நான்காவது, விழாவின் வருவாய் யாருக்கு என்பது. விடுதிக்காரரும் சிற்றுண்டிச் சாலைக்காரரும் பேருந்து நடத்துவோரும் பயன்பெற, பாதையைத் தாங்கும் நிலத்தானுக்கு ஒன்றும் கிட்டுவதில்லை என்பது பெரும்பாலும் மெய்யே. இதற்குப் பரிகாரம் விழாவை ஒழிப்பதன்று. விழாவில் சேரும் பணத்தின் முதற்பங்கு அவ்வாண்டு நடந்த பாதைகளின் ஏறுபடிகளுக்கும் கதவுகளுக்கும் செலவிடப்பட வேண்டும். நடப்போருள் உடல்வலிவுள்ளோர் ஒருநாள் வந்து முள் வெட்டிப் பாதை துப்புரவு செய்துதரவும் வேண்டும். நடைப்பயணிகள் சங்கத்தார் பல இடங்களில் இத்தகைய உழைப்பை நல்கிவருகின்றனர். இதை விழாவின் நிலையான நியதியாக்குதலே நேர்மையாகும்.

பாதையை அடைத்த ஆண்டு

பாதை அடைபட்டால் ஊருக்கு நேர்வது யாது என்பதை 2001-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் எஸ்ஸெக்ஸிலுள்ள ஓர் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளிடம் கோமாரி நோய் உறுதிசெய்யப்பட்டது. செப்டம்பர் 30-இல் கடைசி நோய்நிலை காணப்படுவதற்குள் 2,026 இடங்களில் நோய் பரவியிருந்தது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் வெளிப்பட்ட சில நாட்களுக்குள் நோயில்லாத வட்டாரங்களிலுங்கூடப் பாதைகள் யாவும் அடைக்கப்பட்டன. நாட்டுப்புறத்துக்கு வருவோர் நின்றனர். விடுதிகளும் கடைகளும் வெறுமையாயின. நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டபடி அரசாங்கத்துக்கு 300 கோடி பவுனுக்கு மேலும், தனியார் துறைக்கு 500 கோடி பவுனுக்கு மேலும் இழப்பு நேர்ந்தது. தனியார் இழப்பிற் பெரும்பகுதி சுற்றுலாத் தொழிலைச் சார்ந்தோருடையது.

தன் மந்தையைக் காக்கக் கதவை அடைத்த குடியானவனைக் குறைகூறுவது கூடாது. ஆனால் பண்ணை வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டு வாழ்ந்த பல குடும்பங்கள், பாதையில் நடப்போர் கொணர்ந்த பணம் எத்துணையென்று அவ்வாண்டில்தான் உணர்ந்தன. அப்பாடம் வீண்போகவில்லை. 2007-இல் சர்ரேயில் மீண்டும் கோமாரி தோன்றியபோது நாடெங்கும் பாதைகளை அடைக்கவில்லை. நோய்கண்ட இடத்தைச் சூழ்ந்த வட்டாரத்தோடு தடை நின்றது. இத்தகைய காலத்தில் முதலிற் செய்தி சேரவேண்டியதும், சேர்ந்தால் உடனே கீழ்ப்படியக்கூடியதும் பெயர்பதிவு பெற்று நடத்தப்படும் நடைக்குழுக்களே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

குடியானவனே வழிகாட்டி

யாவற்றிலும் சிறந்த ஏற்பாடு, நிலமுடையவனே வழிகாட்டியாக முன்செல்வதாகும். பிரிட்டனில் 2006 முதல் ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பண்ணைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. அன்று குடியானவனே கூட்டத்தை வயலுக்குள் அழைத்துச் சென்று, எதை ஏன் விதைத்தான், வேலிமரங்களை ஏன் வெட்டாமல் விட்டான், பாலுக்குக் கிடைக்கும் விலை என்ன என்பவற்றை விளக்குகிறான். நகரத்தான் உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அவன் கண்ணால் காண்பதற்கு இதனினும் நல்ல வழியில்லை. பயிரின் பெயரையும் அதற்குப் பட்ட பாட்டையும் கேட்டறிந்தவன் அப்பயிரை மிதிக்க அஞ்சுவான். எச்சரிக்கைப் பலகைகள் பலவற்றால் ஆகாத காரியத்தை ஒரு மணி நேரப் பேச்சு செய்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்தகைய நடைவிழாக்கள் பெருவழக்கமாக இல்லை. சட்டமும் வேறு. எனினும் வேளாண்மைத் துறையார் நடத்தும் வயல் விழாக்களில் குடியானவர் கூட்டமாகச் சென்று ஒருவரது விளைநிலத்தைப் பார்வையிடுவது அறிந்ததே. அங்கும் இவ்விதிகள் அப்படியே பொருந்தும். நிலத்துக்குரியவனுக்கும் அண்டை நிலத்தானுக்கும் முன்னதாகச் சொல்லுதல், வரப்பில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல், முன்னும் பின்னும் பொறுப்பாளர் இருத்தல், திறந்த படலை மூடிவருதல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். கிராம அதிகாரிகளுக்கோ மற்றொரு கடமையும் உண்டு. ஊர் வரைபடத்திற் குறிக்கப்பட்ட வண்டிப்பாதைகளுள் எத்தனை இன்றும் வண்டி செல்லத்தக்கனவாக உள்ளன, எத்தனை இருபுறத்து உழவாலும் குறுகி வரப்பளவாய்விட்டன என்பதை ஆண்டுக்கொருமுறை ஊராருடன் நடந்து பார்த்தால் அறியலாம். பாதை மறைந்தபின் அறுவடை இயந்திரம் வயலுக்கு வர வழியின்றி, அயலான் காலைப் பிடிக்க நேர்வது, பாதையை உழுது சேர்த்துக்கொண்டவனுக்குமே ஒருநாள் வருவதுண்டு.

நிலம் ஒருவனுக்கு உரியது. அதன் ஓரத்து வழி ஊருக்கு உரியது. இவ்விரண்டு உரிமைகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் காப்பவனே வழிகாட்டி. அப்பொறுப்பை அயலூராரிடம் விட்டுவிடாமல், நிலமுடையோரும் ஊரதிகாரிகளும் தாமே ஏற்று நடத்துவார்களாக.